"நான் தூக்கியதால்தான் அந்தப் பையன் இறந்தானா?": கடலூர் வாசகருக்கு ஒரு அவசர சிகிச்சை மருத்துவரின் பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். தினமும் பைக்கில் போய்வருபவர். மூன்று வாரத்துக்கு முன், இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும்போது கன்னியக்கோவிலைத் தாண்டி ஒரு விபத்தைப் பார்த்திருக்கிறார். சரக்கு ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கீழே 19 வயதுப் பையன். ஹெல்மெட் பைக்கின் பக்கக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நினைவில்லை, காதில் ரத்தம், தொண்டையில் கொரகொரவென்று சத்தம், நடுவில் ஒரு முறை வலிப்பு. கூட்டத்தில் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். நம் வாசகரும் இரண்டு பேரும் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். பையனின் தலை இவர் மடியில். முதல் மருத்துவமனை "பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள்" என்றது. இரண்டாவது இடத்திலும் அதே பதில். மூன்றாவதாகப் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் பையன் இறந்துவிட்டான்.

துக்க வீட்டில் பையனின் மாமா, "எவனோ மூட்டை தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போய்க் கழுத்தை உடைச்சுட்டான்" என்று சொன்னாராம். அது இவர் காதுக்கு வந்த நாளிலிருந்து தூக்கமில்லை. "நான்தான் கொன்றேனா? போலீஸ் ஒரு முறை போன் செய்தார்கள், இனி கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா? இனிமேல் எங்கேயும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று மனைவி சத்தியம் கேட்கிறாள். தானே புயலின்போது தெருவில் ஒன்றாக வேலை செய்த நண்பர்கள் பதினோரு பேர் பணம் சேர்த்து ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கி ஆம்புலன்ஸ் விடலாம் என்கிறார்கள், செய்யலாமா?" இவை அவருடைய கேள்விகள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி தனியாக இருந்தது: "அந்தப் பையனின் அம்மாவைப் போய்ப் பார்க்கலாமா?"

அன்புள்ள தம்பி,

என் வயதுக்கு உங்களை இப்படிக் கூப்பிடலாம். இருபத்தாறு வருடமாக அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். சட்டையெல்லாம் ரத்தமாக, யார் என்றே தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, வாசலில் கை நடுங்க நிற்கும் உங்களைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நாங்கள் பெரும்பாலும் பெயரை மட்டும்தான் கேட்போம். நன்றி சொல்லக்கூட நேரம் இருக்காது. அதை இப்போது சொல்லிக்கொள்கிறேன். நன்றி.

முதல் கேள்விக்கு வருகிறேன். ஸ்கேனையும் சிகிச்சைக் குறிப்புகளையும் பார்க்காமல் ஒரு மரணத்துக்கு இதுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களே நிறையச் சொல்கின்றன. விழுந்ததிலிருந்தே நினைவில்லை. காதில் ரத்தம். நீங்கள் தொடுவதற்கு முன்பே வலிப்பு. இவை மூன்றும் சேர்ந்திருந்தால் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து மூளையில் பலத்த அடி பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த அடி நீங்கள் பைக்கை நிறுத்துவதற்கு முன்பே விழுந்துவிட்டது. மாமாவின் துக்கம் உண்மையானது, ஆனால் அவர் சொன்ன காரணத்துக்கு உங்கள் கடிதத்தில் ஓர் ஆதாரம்கூட இல்லை. கழுத்தெலும்பு முறிந்ததாக மருத்துவமனையில் யாரும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லையே.

மூளைக் காயத்தில் இரண்டு கட்டம் உண்டு. மோதும்போது ஏற்படும் சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறியோ ரத்த அழுத்தம் இறங்கியோ மூளைக்குப் பிராணவாயு குறைந்தால், மிச்சமிருக்கும் மூளையும் சாகத் தொடங்கும். தலையில் பலத்த காயம் பட்டவருக்கு ரத்த அழுத்தம் ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால்கூட இறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 1993-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. தலைக்காய சிகிச்சை பெரும்பாலும் இந்த இரண்டாவது சேதத்தைத் தடுக்கிற வேலைதான். அதனால்தான் வழியில் என்ன நடந்தது என்பது முக்கியமாகிறது. அதைப் பற்றி உங்களிடம் ஒளிக்காமல் பேச வேண்டும்.

அன்று இரவு எது சரி, எது தவறு

நின்றது சரி. தூக்கிய விதம் தவறு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் முதலாவதை மட்டும் சொன்னால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள்.

கொரகொர சத்தம் என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை அதுதான். நாக்கு பின்னால் சரிந்து, ரத்தமும் எச்சிலும் தொண்டையில் தேங்கி, மூச்சுப்பாதை பாதி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஒருவரை மல்லாந்தபடி விட்டு, ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கூட்டம் கைகட்டி நின்றிருந்தால் அது இன்னும் ஆபத்து. "கழுத்து அசையக் கூடாது, யாரும் தொடாதீர்கள்" என்று பாதி தெரிந்தவர்கள் கூட்டத்தில் கத்துவார்கள். கழுத்து முக்கியம்தான், ஆனால் மூச்சு அதற்கு முன்னால் வருகிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தலைமாட்டில் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, தலையை இரண்டு கையாலும் உடம்புக்கு நேராக அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காதுக்குக் கீழே தாடை எலும்பின் இரண்டு மூலைகளிலும் விரல் வைத்துத் தாடையை முன்னால் தள்ளினால் நாக்கும் கூடவே விலகும், சத்தம் குறையும். வாயில் ரத்தம் தேங்கினால் தலை, தோள், இடுப்பு மூன்றையும் ஒரே கட்டையைப் புரட்டுவது போலச் சேர்த்துப் பக்கவாட்டில் புரட்ட வேண்டும். மூன்று பேர் போதும்.

ஆம்புலன்ஸ் வரவே வராது என்றால் தூக்கத்தான் வேண்டும். அப்போது டீக்கடை பெஞ்ச், கதவு, அகலமான பலகை எதையாவது கொண்டுவரச் சொல்லுங்கள். கையும் காலும் பிடித்துத் தொட்டில் மாதிரித் தூக்கும்போது முதுகு வளையும், தலை தொங்கும். ஆட்டோவில் மடியில் தலையை வைத்தால் தாடை நெஞ்சில் போய் முட்டும், மூச்சுப்பாதை இன்னும் குறுகும். நீங்கள் அன்பாகத்தான் மடியில் வைத்துக்கொண்டீர்கள். யாரும் உங்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை, லைசென்ஸ் எடுத்தபோதும் இல்லை. இந்தக் குற்றத்தை நீங்கள் ஒருவர் சுமக்க வேண்டியதில்லை.

தண்ணீர் ஊற்றியது நிச்சயம் தவறு. நினைவில்லாதவருக்கு விழுங்கத் தெரியாது, அது நுரையீரலுக்குத்தான் போகும். சாவிக்கொத்தால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும், அப்போது சாவி கொடுத்தவருக்கு அதுதான் நிறுத்தியது என்று தோன்றும். காதில் ரத்தம் வந்தால் பஞ்சை அடைக்காதீர்கள். மற்ற இடங்களில் ரத்தம் கொட்டினால் காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். இவ்வளவு எளிதாக உயிர் காக்கும் வேலை மருத்துவத்தில் அதிகம் இல்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம்

"பொன்னான ஒரு மணி நேரம் போய்விட்டது, அதனால்தான் இறந்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் விபத்துக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தை அப்படி வரையறுத்திருப்பது உண்மை. ஆனால் அறுபதாவது நிமிடத்தில் கதவு சாத்திக்கொள்கிற மாதிரி உடம்புக்குள் எதுவும் நடப்பதில்லை. மூச்சு அடைத்தவருக்குச் சில நிமிடமே அதிகம். ரத்தம் போகிறவருக்கு ஒவ்வொரு கால் மணி நேரமும் கணக்கு.

இதற்கு நல்ல சான்று ஒரு மலிவான மருந்து. டிரானெக்சாமிக் அமிலம் என்று பெயர், ரத்தம் உறைந்தது கரையாமல் தடுக்கும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 40 நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கெடுத்தன. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கிறது, அதற்குப் பிறகு கொடுத்தால் கெடுதல்கூடச் செய்யலாம் என்று தெரிந்தது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் பத்து சதவீதம் குறைகிறது என்று பின்னால் கணக்கிட்டார்கள். 2019-இல் தலைக்காயத்துக்கென்றே நடந்த ஆய்வில், லேசான, நடுத்தரக் காயங்களில் பலன் தெரிந்தது. மிகக் கடுமையான தலைக்காயத்தில் தெரியவில்லை. உங்கள் மடியில் இருந்த பையன் அந்தக் கடைசி வகை என்றுதான் நினைக்கிறேன். ஆகவே அந்த ஒரு ஊசி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று யாராவது சொன்னால் அதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

என் கோபம் அந்த முதல் இரண்டு வாசல்கள் மீதுதான். அவர்களிடம் மூளை அறுவை மருத்துவர் இல்லாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் மூச்சுப்பாதையைச் சரிசெய்து, பிராணவாயு வைத்து, ஊசிவழி திரவம் ஏற்றி, பெரிய மருத்துவமனைக்கு ஒரு போன் செய்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். போலீஸ் கேஸ் என்ற காரணத்தால் எந்த மருத்துவரும், அரசானாலும் தனியாரானாலும், அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. ஷேர் ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பியது அந்தத் தீர்ப்புக்கும் எங்கள் தொழிலுக்கும் எதிரானது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் தமிழ்நாடு, புதுச்சேரி எல்லையில் வாழ்கிறவர் என்பதால். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே 2025 மே மாதம் அமலுக்கு வந்த மத்திய அரசின் திட்டம் பொருந்தும்: நாடு முழுக்க, ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை. ஆக "முன்பணம் கட்டு" என்று யாராவது கேட்டால், எந்த எல்லைக்குள் விபத்து நடந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். 108-ஐ அழைக்கும்போதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ரெட்டிச்சாவடிப் பக்கமா, புதுச்சேரியில் கன்னியக்கோவில் பக்கமா என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் குழப்பம் மிச்சம்.

போலீஸும் சட்டமும்

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு எதுவும் இல்லை. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவி செய்பவர்களைப் பாதுகாக்கும் விதிமுறைகளுக்குச் சட்டப் பலம் கொடுத்தது. 2019 திருத்தத்தில் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவாகவே சேர்ந்துவிட்டது. நல்லெண்ணத்தில், எதையும் எதிர்பார்க்காமல் உதவியவர், உதவும்போது கவனக்குறைவாக ஏதாவது நடந்து அடிபட்டவர் இறந்துபோனாலும்கூட, சிவில் வழக்குக்கோ கிரிமினல் வழக்குக்கோ பொறுப்பாக மாட்டார். உங்கள் மனதை அரிக்கிற கேள்விக்குச் சட்டம் முன்கூட்டியே யோசித்து எழுதிவைத்த பதில் இது. பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையில் பிடித்து உட்காரவைக்க முடியாது. பணம் கேட்க முடியாது.

சாட்சி சொல்வது உங்கள் விருப்பம். விரும்பினால் உங்களுக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில், ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும். விலகிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: குட்டியானை இடித்ததைப் பார்த்தவர் நீங்கள். அதன் நிறம், பின்கதவில் எழுதியிருந்தது, எந்தப் பக்கம் போனது, எது நினைவிருந்தாலும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாள் யாருக்குப் பயன்படும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மனைவி, உங்கள் தூக்கம்

அவர் கேட்கிற சத்தியத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இருட்டில், வண்டிகள் பறக்கிற சாலையில், நடுவில் குனிந்து நிற்கும் கணவனை நினைத்தால் யாருக்கும் பயம் வரும். அந்தப் பயத்துக்கு ஒரு பதில் கொடுங்கள். இனி நின்றால், முதலில் உங்கள் பைக்கை விளக்கு எரியும்படி ஓரமாக நிறுத்தி, ஒருவரை முன்னால் அனுப்பி வண்டிகளை மெதுவாக்கச் சொல்லி, 108-க்குப் பேசிவிட்டு, அப்புறம்தான் கிட்டே போவேன் என்று சொல்லுங்கள். அடிபட்டவரைக் காப்பாற்றப் போய் இரண்டாவது வண்டியில் அடிபட்டவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அந்த இடத்தைத் தவிர்க்கப் பாகூர் வழியாகச் சுற்றிப் போகிறீர்கள், கண்ணை மூடினால் அந்தச் சத்தம் கேட்கிறது. இவை முதல் சில வாரங்களில் பலருக்கும் வரும், பெரும்பாலும் தானாகக் குறையும். ஒரு மாதத்தைத் தாண்டியும் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். தூக்கத்துக்காகக் குடிப்பது மட்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் அதை அடித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள், படிக்க முடிந்தது.

ஆம்னி வேண்டாம்

நண்பர்களின் மனசு பெரியது. ஆனால் பழைய வண்டியில் ஒரு விளக்கைச் சுழலவிட்டால் அது ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. பிராணவாயு, உறிஞ்சும் கருவி, பயிற்சி பெற்ற ஆள், மூன்று ஷிப்டுக்கு டிரைவர், பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். ஆறு மாதத்தில் பணமும் உற்சாகமும் தீர்ந்துவிடும். 108 வண்டி வருவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நிமிடம்தான் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப வண்டி தேவையில்லை, ஆட்கள் தேவை.

வட ஈராக்கிலும் கம்போடியாவிலும் கண்ணிவெடி நிறைந்த கிராமங்களில் 1997 முதல் 2001 வரை நடந்த வேலை ஒன்றை நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். ஆயிரக்கணக்கான சாதாரணக் கிராமத்து மக்களுக்கு அடிப்படை முதலுதவியும், கொஞ்சம் பேருக்கு அதற்கு மேற்பட்ட பயிற்சியும் கொடுத்தார்கள். பலத்த காயம்பட்டவர்களில் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கு இறங்கியது. ஹெலிகாப்டர் இல்லை, பெரிய மருத்துவமனை பக்கத்தில் இல்லை. மூச்சுப்பாதையும் ரத்தப்போக்கும் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் பதினோரு பேரும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தச் சாலையில் எப்போதும் இருக்கிறவர்களைச் சேருங்கள்: ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள், டீக்கடைக்காரர், பங்க்கில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பையன்கள், பூ விற்கும் அக்கா. சேர்த்த பணத்தில் ஒரு முதுகுப் பலகை, கட்டுத்துணி, கையுறை, ஒளிரும் சட்டைகள் வாங்கி டீக்கடையில் வையுங்கள்.

இன்னொன்று, கணக்கரான உங்களுக்கென்றே ஒரு வேலை. ஒரு நோட்டுப் போட்டு அங்கே நடக்கும் ஒவ்வொரு விபத்தையும் எழுதுங்கள். நாள், நேரம், எந்த வண்டி, எந்தத் திசை, ஹெல்மெட் தலையிலா கொக்கியிலா, தெருவிளக்கு எரிந்ததா. வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர் விபத்தை விதி என்று பார்க்காமல் நோயைப் போலப் பார்க்கச் சொன்னார். மோதலுக்கு முன், மோதும்போது, மோதலுக்குப் பின் என்று மூன்று கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனிதர், வண்டி, சாலை மூன்றையும் கேட்டுப் பார்ப்பது அவருடைய முறை. அந்தப் பையனின் கதையை அப்படிப் போட்டுப் பாருங்கள். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்தின் ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹெல்மெட் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் இறப்பைச் சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்றிரவு உங்கள் கையில் எதுவும் இல்லாத கட்டங்களில்தான் அவன் உயிர் பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது. ஆறு மாத நோட்டோடு போக்குவரத்துப் போலீஸிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் போனால், வெறும் மனுவுக்குக் கிடைக்காத காது கிடைக்கும்.

தானே புயல் வந்தபோது நீங்கள்தான் தெருவில் மரம் வெட்டிப் பாதை போட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்திலும், 2024 ஃபெஞ்சல் புயலிலும் அப்படித்தான், முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். 1995 கோபே நிலநடுக்கத்திலும் இடிபாட்டிலிருந்து பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். இதே பயிற்சி அந்த நாட்களுக்கும் உதவும். புயல் கரை கடந்த மறுநாள்தான் ஓடு மாற்றக் கூரையேறி விழுவதும், அறுந்த கம்பியை மிதிப்பதும், மரம் அறுக்கும்போது காலை வெட்டிக்கொள்வதும் நடக்கும். சேறும் கடல்நீரும் புகுந்த காயத்தை நன்றாகக் கழுவாமல் உடனே தைத்து மூடினால் சீழ் பிடிக்கும். இதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவைப் பார்க்கப் போகலாமா

போங்கள். இப்போதே வேண்டாம், வீட்டில் கூட்டம் குறையட்டும். முதலில் உறவினர் ஒருவர் மூலம் அம்மாவின் சம்மதத்தைக் கேளுங்கள், மாமாவைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். வரவேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். வரச்சொன்னால் மனைவியையும் அழைத்துப் போங்கள். மன்னிப்புக் கேட்க என்று போகாதீர்கள், அப்படிப் போனால் உங்களைத் தேற்றுகிற வேலையும் அந்த அம்மா தலையில் விழும். பிள்ளையை இழந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்டிருப்பது கடைசி ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்: வலித்ததா, கூப்பிட்டானா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா. அதற்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்தில் நீங்கள் மட்டும்தான். அவனுக்கு நினைவில்லை, அதனால் வலி தெரிந்திருக்காது, தலை உங்கள் மடியில் இருந்தது. கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

போகும்போது அந்தத் தாளை எடுத்துப் போங்கள். வண்டி எது என்று கண்டுபிடிக்க முடிந்தால் அந்தக் குடும்பம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அங்கே உங்கள் வாக்குமூலம் பெரிய துணை. கண்டுபிடிக்கவே முடியாவிட்டாலும், இடித்துவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவரின் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இணைக்க வேண்டியிருக்கும். அந்த வீட்டில் இதைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள், உங்களுக்குக் கைவந்த வேலைதானே.